பாலத்தில் பக்கக்காற்று: அதிவேக ரயில்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இவ்வளவு கனமான ரயிலைக் காற்று என்ன செய்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ரயிலின் மொத்த எடை இங்கே காப்பாற்றாது. காற்று ஒவ்வொரு பெட்டியையும் தனியாகத் தள்ளுகிறது, முன்பெட்டிதான் அதிகம் தாங்க வேண்டியிருக்கிறது. காற்று வீசும் பக்கத்துச் சக்கரங்களில் பாரம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அவை தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும்.

சரி, சீக்கிரமாகப் பாலத்தைத் தாண்டிவிடலாமே என்றால், அதுவும் தவறு. ரயிலின் சொந்த வேகமும் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 300 கி.மீ. என்பது நொடிக்கு 83 மீட்டர். அதனால்தான் காற்று பலக்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

காற்றை எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். தூரத்து வானிலை நிலையத்தின் சராசரி, பாலத்தின் மேல் திடீரென அடிக்கும் வீச்சைச் சொல்லாது. உயரத்தில் காற்று இன்னும் பலமாக இருக்கும். பாலத்தில் பெரிய கோபுரங்கள் இருந்தால் சிக்கல் கூடும்: கோபுரத்தின் மறைவில் ஒரு கணம் காற்று அடங்கி, வெளியே வந்ததும் மறுபடி அறையும். தடுப்புச் சுவர் உதவும்தான். ஆனால் முழுக்க அடைத்த சுவர் பாலத்தின் மேலேயே காற்றின் பாரத்தை ஏற்றிவிடும் என்பதால், பல இடங்களில் இடைவெளி விட்டே அமைக்கிறார்கள்.

காலி ரயில்தானே என்ற அலட்சியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. பெட்டி காலியாக இருந்தால் இன்னும் எளிதில் கவிழும். 1986 டிசம்பர் 28 அன்று, ஜப்பானின் அமருபே பாலத்திலிருந்து பயணிகள் இல்லாத ரயில் ஒன்று காற்றில் கீழே விழுந்தது. அது அதிவேக ரயில் அல்ல. ஆனாலும் பாலத்துக்கு அடியில் இருந்த ஆலையில் 5 தொழிலாளர்களும், ரயிலின் நடத்துநரும் இறந்தார்கள். காற்று வரம்பு மீறியதற்கான எச்சரிக்கை மணி அடித்தும் ரயில் நிறுத்தப்படவில்லை. அன்று வரம்பு நொடிக்கு 25 மீட்டர். பிறகு அதை 20 ஆகக் குறைத்தார்கள். வரம்பைக் கடந்ததும் யாருடைய யோசனைக்கும் காத்திராமல் சிக்னல் தானாகச் சிவப்பாக வேண்டும்.

எதிரே வரும் சரக்கு ரயிலையும் மறந்துவிடக் கூடாது. 2019 ஜனவரி 2 அன்று, டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் சரக்கு ரயிலில் சரியாகப் பூட்டப்படாத காலி டிரெய்லர் ஒன்றைப் புயல்காற்று நகர்த்த, அதில் பயணிகள் ரயில் மோதி 8 பேர் இறந்தார்கள். பெட்டியின் எடையையும் காற்றின் வேகத்தையும் சோதித்தால் மட்டும் போதாது. மேலே ஏற்றிய ஒவ்வொன்றும் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாலத்துக்கு வரும் முன்பே பார்க்க வேண்டும்.