கொண்டையைப் பார்த்து அரசியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருடமாக மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறேன். அதனால்தானோ என்னவோ, உரோமப் பேரரசின் அரசிகள் முகம் பொறித்த வெள்ளிக் காசு கைக்கு வந்தால் என் கண் முதலில் கொண்டைக்குத்தான் போகும். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். எழுத்து பாதி தேய்ந்திருக்கும். கூந்தல் தேய்ந்தாலும் அதன் உருவம் தெரியும்.

பின்னல்களைச் சுற்றி உச்சந்தலையில் கொண்டையாக ஏற்றியிருந்தால் பெரும்பாலும் மூத்த ஃபாஸ்டினா. கி.பி. 140இல் அவர் இறந்த பிறகும் கணவர், பேரரசர் அன்டோனினஸ் பயஸ், அவர் பெயரில் நிறைய காசு அடித்தார். அவற்றில் 'திவா', அதாவது தெய்வமானவள், என்ற சொல் இருக்கும். கொண்டை பின்கழுத்துக்கு இறங்கியிருந்தால் மகள் இளைய ஃபாஸ்டினாவா என்று பாருங்கள்.

எனக்கு உயிர் ஜூலியா டோம்னா. சிரியாவில் பிறந்து, பின்னாளில் பேரரசரான செப்டிமியஸ் செவரஸை மணந்தவர். என்னிடமுள்ள காசில் நெற்றியிலிருந்து பின்னோக்கி அலை அலையாக ஆறு நெளிகளை எண்ணலாம். பின்னால் அகலமான கொண்டை. இவ்வளவு ஒழுங்கான நெளியைப் பார்த்தால் சவுரி வைத்திருப்பார் என்றே என் கை சொல்கிறது. பின்பக்கத்தில் ஜூனோ தேவி, காலடியில் மயில். அந்த மயிலுக்கும் முருகனுக்கும் தொடர்பில்லை. அது ஜூனோவின் பறவை. டோம்னாவின் காசுகள் ஏராளமாகக் கிடைப்பதால் முதலில் வாங்க ஏற்றவை.

எழுத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: லத்தீனில் 'யூ' (U) எழுத்தை 'வீ' (V) வடிவத்தில் வெட்டுவார்கள்.

வாங்குமுன் எடை போடுங்கள். இந்த அரசிகள் காலத்துத் தெனாரியஸ், அதாவது உரோம வெள்ளிக் காசு, சுமார் மூன்று கிராம் நிற்கும். புதுச்சேரியில் ஒருவரிடம் அவசரப்பட்டு ஒன்று வாங்கினேன். தெருமுனைப் பத்தர் தராசில் வைத்தபோது இரண்டு கிராம்கூட இல்லை. விளிம்பைச் சுற்றி அச்சு சேர்ந்த கோடு, முகத்தில் குமிழ் குமிழாகப் புள்ளிகள்: வார்த்த போலி. அடித்த காசில் விளிம்பில் அந்தக் கோடு வராது. அன்றிலிருந்து விளிம்பைப் பார்க்காமல் பணம் எடுப்பதில்லை.

புதுச்சேரிக்கு அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு பக்கத்தில் இருக்கிறதே என்று மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே அகழ்ந்து உரோம வணிகத்தை வெளிக்கொணர்ந்தார். அந்த மண் எல்லோருக்கும் சொந்தம். தற்செயலாகக் காசு அகப்பட்டால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறு வயது கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் சட்டம் இடம் தராது.

கறுத்திருந்தால் புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்தால் முதலில் போவது நெளிகள்தான். செவரஸ் காலத்து வெள்ளியில் செம்பு அதிகம். நம் கடற்காற்றில் பச்சை பூக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையைத் தவிருங்கள். நான் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதும் அந்தப் பொட்டலத்தை மாற்றிவிடுவேன்.