சின்ன ஹாலில் பிடித்த பேண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைதானத்தில் பல்லாயிரம் பேரோடு பார்த்த அதே இசை பேண்டை, நூறு பேர் நிற்கும் ஓர் அறையில் பார்ப்பது வேறு அனுபவம். பாடகர் மூச்சு இழுப்பது கேட்கும். கிட்டார் தந்தியில் விரல் வழுக்குவது கேட்கும். அப்படிப்பட்ட வாய்ப்பு கிடைத்தும் பலர் பாதியை இழந்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். எங்கள் கூட்டம் ஒரு காலத்தில் செய்ததையே புதிதாக வருகிறவர்களும் அச்சு பிசகாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டிக்கெட்டை மறக்காதீர்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்கு அப்பால் உள்ளதைச் சொல்கிறேன்.

மேடையை ஒட்டி நிற்பது

பிடித்த பேண்ட் என்றால் கதவு திறந்ததும் முதல் வரிசைக்கு ஓடுகிறோம். முகம் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. காதுக்கு அது நல்ல இடம் இல்லை. சின்ன ஹாலில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் மேடையிலிருந்தே நேராக வந்து அடிக்கும். குரல் அப்படி வராது. அது இரண்டு ஓரத்திலும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வர வேண்டும். மேடை விளிம்பில் நடுவாக நின்றால் அந்த ஸ்பீக்கர்கள் உங்களுக்குப் பக்கவாட்டில் போய்விடும், சில ஹால்களில் முதுகுக்குப் பின்னாலேயே போய்விடும். டிரம்ஸின் சிம்பல் தட்டு காதைக் கிழிக்கும், பாட்டு வரி ஒன்றும் புரியாது. அப்புறம் வெளியே வந்து சவுண்ட் சரியில்லை என்று குறை சொல்வார்கள்.

சவுண்ட் இன்ஜினியர் தன் மிக்ஸர் பலகையோடு எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். தன் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குகிறார். அவருக்குக் கொஞ்சம் முன்னால் நில்லுங்கள். இடமில்லாமல் அவரையே ஒரு மூலையில் தள்ளியிருந்தால், ஹாலின் நடுக்கோட்டில் பாதி தூரம் தாண்டி நிற்கலாம். பின்சுவரை ஒட்டியோ மூலையிலோ வேண்டாம். பேஸ் என்கிற தாழ்ந்த சத்தம் அங்கே குவிந்து மற்றதை எல்லாம் மூடிவிடும்.

காதுக்கு ஒன்றும் இல்லாமல் போவது

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக்கான பரிந்துரை. சத்தம் 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் ஒரு டிரம்ஸ் செட் இருந்தாலே அந்த அளவை எட்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விதிமுறையில், இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உட்செவியில் உள்ள மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. ஷோ முடிந்து காதில் ரீங்காரம் கேட்டால் காது அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பஞ்சு வைத்துப் பயனில்லை. நுரை இயர்பிளக் காதைக் காக்கும், ஆனால் உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் இயர்பிளக் எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஒன்று வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிவிடுங்கள்.

மெதுவான பாட்டில் பேசுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சத்தமான இடத்தில் நம் குரல் தானாகவே உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாலு வேகமான பாட்டு முழுக்கக் கத்திக் கத்திப் பேசிப் பழகிவிட்டு, ஐந்தாவது பாட்டு ஒற்றைக் கிட்டாரோடு தொடங்கும்போதும் அதே குரலில் தொடர்கிறார்கள். பெரிய அரங்கில் அது கரைந்துவிடும். நூறு பேர் அறையில் பின்வரிசைப் பேச்சு மேடை வரைக்கும் போகும், பாடுகிறவர் காதிலும் விழும்.

நான் பல வருடமாகக் காத்திருந்து பார்த்த ஒரு பேண்ட். பாதி ஷோ தாண்டியதும் பாடகி மைக்கை விட்டு விலகி, மேடை நுனிக்கு வந்து, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் ஒரு பாட்டைத் தொடங்கினார். முன்னால் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் இரண்டு பேர் யாரோ நண்பர் வீடு மாறிய கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மாடி, எவ்வளவு வாடகை, எல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. முதல் சரணம் முடிந்ததும் பாடகி நிறுத்தினார். கோபப்படவில்லை, லேசாகச் சிரித்தார். திரும்பி டிரம்மரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான், வேகமான பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஷோ முடிந்து கூட்டம் கலையும்போது, மேடை மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்த செட் லிஸ்ட்டை, அதாவது அன்றைய பாட்டு வரிசையை, குனிந்து படித்தேன். அந்தப் பாட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு மெதுவான பாட்டுகள் எழுதியிருந்தன. இரண்டையும் அவர்கள் பாடவே இல்லை.

பேச்சுக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். அறை கேட்காது என்று தெரிந்தால் பேண்ட் அமைதியான பாட்டுகளை வெட்டிவிட்டு, சத்தத்தால் சமாளிக்கும். சின்ன ஹாலுக்கு எதைக் கேட்க வந்தோமோ அதுவே போய்விடும்.

1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் பில் எவன்ஸின் மூவர் ஜாஸ் குழு வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பியானோ தணியும் இடங்களில் கண்ணாடிக் குவளைகள் மோதுவதும் மேஜைப் பேச்சும் அதில் கேட்கின்றன. பதினோரு நாள் கழித்து, பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 25 வயதில் கார் விபத்தில் இறந்தார். அந்த மூவரின் கடைசிப் பதிவு அதுதான். அந்தச் சலசலப்பே ஓர் அழகு என்பவர்கள் உண்டு. எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-இல் தொடங்கிய புளூபேர்டு கஃபே என்ற சின்ன இசைக் கூடத்தில் சுமார் 90 இருக்கைகள்தான். அங்கே பாட்டின்போது பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். அது சரியான வழக்கம்.

ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பாட்டு முடிந்து கைதட்டும்போது சொல்லுங்கள். அவசரம் என்றால் வெளியே போய்ப் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசினால் முறைக்க வேண்டாம். கொஞ்சம் நெருங்கி, "இந்தப் பாட்டுக்காகத்தான் வந்தேன்" என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

போனைத் தூக்கிப் பிடிப்பது

ஒரு பாட்டில் அரை நிமிடம் எடுங்கள், நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காமல். போதும்.

ஹிட் பாட்டைக் கத்திக் கேட்பது

வேண்டாம்.

முதலில் வாசிக்கும் பேண்டைத் தவறவிடுவது

உங்கள் பேண்ட் ஒன்பதரைக்குத்தான் வரும் என்று ஒன்பதே காலுக்கு வராதீர்கள். தொடக்க பேண்டைப் பெரும்பாலும் முக்கியப் பேண்டே விரும்பி அழைத்து வந்திருக்கும். இன்றைக்கு எனக்குப் பிடித்தவர்களில் பாதிப் பேரை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். தவிர, ஹாலில் நல்ல இடமும் கிடைக்கும்.

முடிந்ததும் மேடையை மொய்ப்பது

சின்ன பேண்டுகள் தங்கள் கேபிள்களைத் தாங்களேதான் சுருட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். டிரம்மர் ஸ்டாண்டை மடிக்கும்போது செல்ஃபி கேட்காதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள், டீ-ஷர்ட், இசைத்தட்டு விற்கும் மேஜைக்கு அவர்களே வருவார்கள். எந்தப் பாட்டு ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள், முடிந்தால் ஏதாவது வாங்குங்கள். ஊர் ஊராகப் போகிற செலவுக்குப் பல பேண்டுகள் அந்த மேஜையைத்தான் நம்பியிருக்கின்றன. கார்டு வாங்காத மேஜைகளும் உண்டு, கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.