முளைப்பாரிக் கும்மிக்குப் பாட்டெடுப்பது எப்படி

மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும் முளைப்பாரி போடுவார்கள், அதாவது சட்டியிலோ ஓலைப்பெட்டியிலோ பயறுகளை முளைக்கவைத்து வளர்ப்பார்கள். அதைக் கரைக்கும் நாள் வரை பெண்கள் இரவில் கூடிக் கும்மியடித்துப் பாடுவார்கள். முதன்முறை பாட்டெடுக்கப் போகிறவர் பாட்டுக்கு முன் முளைப்பாரியை அறிந்துகொள்ள வேண்டும். விதை ஊறவைத்தது, முளைவிட்டது, தழைத்தது என்று அதன் வளர்ச்சியை நாள் கணக்கில் சொல்லிச் செல்லும் பாட்டுகள் இவற்றில் நிறைய உண்டு.

சட்டியிலோ ஓலைப்பெட்டியிலோ வைக்கோல் பரப்பி, மண்ணும் பொடித்த சாண எருவும் இட்டு, ஊறிய தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு போன்றவற்றைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நீர் தெளித்து வருவார்கள். வெயில் படாததால் முளை பச்சை பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று வளரும். பாட்டில் புகழப்படும் நிறமும் உயரமும் இவைதாம்.

ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்வதைவிட, மூத்த பெண்கள் இருவர் மூவருக்குப் பின்பாட்டுப் பாடியே கற்பது நல்லது. அவர்கள் சம்மதித்தால் செல்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளையாரை முதலில் பாடி, பிறகு அம்மனை அழைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் குரலை உயர்த்தினால் அரைமணியில் தொண்டை கட்டிவிடும் என்பதால், எல்லோருக்கும் எட்டும் தாழ்ந்த சுருதியில் தொடங்குங்கள். ஓரடியை நீங்கள் பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். அந்த இடைவெளியில்தான் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவர முடியும். அடி மறந்துவிட்டால் ‘தன்னானே’ போட்டுச் சுற்றை நிறுத்தாமல் ஓட்டுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உள்ளே குனிந்து கைதட்டுவதும் பின்வாங்கி நிமிர்ந்து கைதட்டுவதும் பாட்டடியின் அழுத்தத்தோடு பொருந்துகின்றனவா என்பதைக் கால்களைப் பார்த்தே கணிக்கலாம்.

உங்கள் ஊர் அம்மன், ஊருணி, தெரு ஆகியவற்றின் பெயர்களை ஆங்காங்கே சேர்த்துப் பாடுவது மரபுக்குப் புறம்பன்று. பாட்டு ஊருக்கு ஊர் மாறியது அப்படித்தான். சினிமா மெட்டு நுழைவதைக்கூட நான் பெரிதாக எண்ணுவதில்லை, ஆனால் ஒலிபெருக்கி அலறும்போது கும்மி நடவாது என்பதால், அந்த நேரத்துக்கு அதை அணைத்துவைக்கும்படி விழாக் குழுவிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

பாரியைத் தலையில் சுமந்து ஊர்வலம் போகும்போது கை தட்ட இயலாது. அதற்கென்று நடைக்கு இசைந்த நிதானமான பாட்டுகள் இரண்டைத் தனியே பழகிக்கொண்டு, தெருமுனைதோறும் குலவையிட்டு நிறுத்தி, மூச்சு வாங்கியபின் தொடருங்கள்.