உருது பேசும் பிள்ளைகளுக்கு ‘சீனிக்’ சொல்லிக்கொடுப்பது எப்படி?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஆங்கிலம் நடத்துபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ். இரண்டையும் பிடித்துக்கொண்டே ஆங்கிலத்துக்குள் கூட்டிப்போகலாம். அழகான காட்சிகளைச் சொல்லும் ‘சீனிக்’ என்ற பெயரடையை நான் இப்படித்தான் நடத்துகிறேன்.

முதலில் உச்சரிப்பு. எஸ், சி இரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்த்ததும் சிலர் ‘ஸ்கெனிக்’ என்பார்கள். ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு ‘இஸ்கெனிக்’ என்றுகூடப் போகும். அதட்ட வேண்டாம். போர்டில் ‘சயின்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதை எல்லோரும் சரியாகவே படிப்பார்கள். அதே எஸ், அதே சி. ‘சீ’யை அழுத்தி, ‘னிக்’கை லேசாக விட்டால் போதும்.

அடுத்தது பொருள். இங்கேதான் நிதானம் வேண்டும். அழகு என்பதற்கு உருதுவில் சொல்லும் ‘கூப்சூரத்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். மணப்பெண், மருதாணி, துப்பட்டா, கையெழுத்து எல்லாமே கூப்சூரத்தான். அதைக் கொடுத்தால் ‘என் அக்கா சீனிக்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள், பாவம். அதற்குப் பதிலாக ‘மன்ஜர்’ என்று தொடங்குங்கள். கண் முன்னால் விரியும் காட்சிக்கு உருதுவில் அதுதான் பெயர். பார்வையைச் சொல்லும் ‘நஜர்’ அதே வேரில் வந்த சொல். நல்ல மன்ஜர் உள்ள இடம், நல்ல மன்ஜர் தெரியும் பாதை, அதுதான் சீனிக். ஆளுக்கு, உடைக்கு, சாப்பாட்டுக்கு வராது. ஆம்பூர் பிரியாணி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சீனிக் ஆகாது.

இதைப் பழக்க ஏலகிரியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், பலவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்கள். ஏற ஏறக் கீழே வயலும் ஊரும் சின்னதாகிக்கொண்டே போகும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட பிள்ளைகளிடம் ‘அந்த ரோடு எப்படி?’ என்று கேளுங்கள். ‘சீனிக் ரோடு’ என்று தானாக வரும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைக் கேளுங்கள். வேகமான ரோடு, நல்ல ரோடு, ஆனால் சீனிக் என்று பொதுவாகச் சொல்ல மாட்டோம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் ‘சீனிக் ரூட்’டும் புரிந்துவிடும்: கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் பார்த்துக்கொண்டே போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் வழி. ‘சீனிக் ஸ்பாட்’, ‘சீனிக் டிரைவ்’ இரண்டையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

நாடக மேடை அமைப்பு சம்பந்தமாகவும் இந்தச் சொல் வரும். பெரிய வகுப்புக்கு மட்டும் அதைச் சொன்னால் போதும்.

அப்புறம் ‘சீனரி’, இயற்கைக் காட்சியைச் சொல்லும் பெயர்ச்சொல். மன்ஜருக்கு உருதுவில் ‘மனாஜிர்’ என்று பன்மை உண்டு. ‘குத்ரத்தி மனாஜிர்’, அதாவது இயற்கைக் காட்சிகள், உருதுப் பாடத்தில் படித்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘சீனரிஸ்’ என்று எழுதிவிடுவார்கள். சீனரிக்கு எஸ் சேர்க்கக் கூடாது, எத்தனை மலை தெரிந்தாலும் ஒருமைதான். பன்மை வேண்டுமென்றால் ‘வியூஸ்’ என்று எழுதச் சொல்லுங்கள். பரீட்சைத் தாளில் மார்க் குறைவது பெரும்பாலும் இந்த எஸ்ஸால்தான், அதனால் கட்டுரை எழுதக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.