"அவன் குணமே அப்படித்தான்" என்று சொல்லிவிடுவதற்கு முன்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். அந்த வகுப்பில் ஒரு பையன், திட்டினால் சிரிப்பான். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் உதட்டை ஒரு பக்கமாக இழுத்து ஒரு சிரிப்பு. குரலை உயர்த்தினால் சிரிப்பும் கொஞ்சம் அகலமாகும். எனக்கு உச்சி வரைக்கும் ஏறும். "திமிர் பிடிச்சவன்" என்று ஆசிரியர் அறையில் பேர் வைத்தது நான்தான். இரண்டு வாரத்தில் மற்ற பாட ஆசிரியர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த வருடம் விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் கால் தடுக்கி விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் காலுறை வரை வழிந்திருந்தது. மருந்துப் பெட்டியோடு ஓடினேன். நிமிர்ந்து பார்த்தான். அதே சிரிப்பு, உதடு அதே பக்கம். கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பயந்தால் அவன் முகம் அப்படிப் போகிறது, அவ்வளவுதான் விஷயம்.

உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைக்கிறார். எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணத்தால் அது பிறக்கும் என்கிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான் நான். ஆனாலும் ஒரு பையன் எதிரில் நின்று சிரித்தபோது எள்ளலைத் தவிர வேறெதுவும் என் புத்திக்கு எட்டவில்லை. அவனுடையதோ இந்த நான்கிலும் சேராது. அச்சத்தின் கணக்கில் எழுத வேண்டியது.

ஆசிரியர்களும் பெற்றோரும் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஒரு நேரத்து உணர்ச்சியைப் பார்த்து அதைக் குணம் என்று எழுதிவிடுகிறோம். இதற்கு அக்காள் தங்கை மாதிரி இன்னொரு தவறும் உண்டு: கலகலப்பாக இருக்கும் பிள்ளைக்கு இ.கியூ. (உணர்ச்சி நுண்ணறிவு) அதிகம், வாயைத் திறக்காத பிள்ளைக்குக் குறைவு என்று நினைத்துக்கொள்வது.

உளவியலில் குணத்தை அளக்க இன்று பெரும்பாலும் ஐந்து கூறுகளை எடுத்துக்கொள்கிறார்கள்: புதியதை நாடுவது, பொறுப்பாகச் செய்வது, கலகலப்பு, இணங்கிப்போவது, எளிதில் கலங்குவது. உணர்ச்சி நுண்ணறிவு வேறு. 1990இல் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் அதை ஒரு திறனாகவே வரையறுத்தார்கள். தன் மனத்திலும் அடுத்தவர் மனத்திலும் ஓடுவதைக் கண்டுகொண்டு, அதற்கேற்ப யோசித்து நடப்பது. 1995இல் டேனியல் கோல்மன் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகு அந்தச் சொல் பள்ளிக்கூடம், அலுவலகம் என்று எங்கும் பரவியது. நம்மை நாமே மதிப்பிட்டு நிரப்பும் கேள்வித்தாளில் அளந்தால் மட்டும் குணமும் உணர்ச்சி நுண்ணறிவும் நிறையக் கலந்துவிடும். ஆய்வாளர்களுக்குள் இதைப் பற்றி இன்னும் வாக்குவாதம்தான்.

வகுப்பில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையையே கலக்கும் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அழுவது தெரியாது. மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத ஒரு பெண், அழுகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் நகர்த்தி வைப்பாள். தேர்ச்சி அறிக்கையில் அவளுக்கு நான் எழுதியது என்ன தெரியுமா? "பிறருடன் பழக வேண்டும்."

நம் ஊரில் அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வாயாடியாக இருந்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், மலாய் பழகுவதற்கான புகுமுக வகுப்போ முதலாம் படிவமோ, பெரும்பாலான பாடங்கள் மலாயில் நடக்கும். வாக்கியத்தை மனத்தில் கோர்த்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். முதல் தவணையிலேயே "கூச்ச சுபாவம்" என்று பேர் வந்துவிடும். அந்தப் பிள்ளை வேனில் திரும்பி வரும்போது எப்படிப் பேசுகிறது என்று வேன் ஓட்டுகிற அண்ணனைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, பிள்ளைகளிடம் இருக்கும் சொற்கள். என்னடா ஆச்சு என்றால் "டென்ஷன் டீச்சர்" அல்லது "கெராமா இருக்கு" (கெராம் என்றால் மலாயில் எரிச்சல், கோபம்). எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு. அவமானம், ஏக்கம், பொறாமை, மனத்தாங்கல், தன்னை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்களே என்ற ஆற்றாமை, எல்லாம் கெராம்தான். கோபப்படாதே என்று சொல்வதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. "உன்னைக் கூப்பிடலையேன்னு வருத்தமா?" என்று கேட்டால் பல நேரம் தோள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஆனால் தவறாக ஊகித்துவிட்டு அதையே பிடித்துத் தொங்கக்கூடாது. இல்லை என்று பிள்ளை சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான்.

குணத்தைச் சோதனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பெருகிவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான மதிப்பீட்டு அறிக்கையில் உளவியல் அளவைக்கும் ஓர் இடம் 2017இல் வந்தது. பெற்றோரில் சிலர் அதைப் பிரித்தே பார்ப்பதில்லை. சிலர் ஜாதகம் மாதிரி மடித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் ஆர்வம் சாய்கிறது என்று பிள்ளையோடு பேச ஆரம்பிக்க அது உதவும், அதற்கு மேல் இழுக்கக்கூடாது. இணையத்தில் INFP என்பது போல நான்கு எழுத்தில் குணம் சொல்லும் சோதனைகளோ இன்னும் மோசம். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு "உங்கள் குண அறிக்கை" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண் சராசரி ஐந்துக்கு 4.26. கொடுத்தது எல்லாருக்கும் ஒரே அறிக்கை! எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னேன். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள், மூன்றாமவர் தன் நான்கெழுத்தை அனுப்பினார்.

ஆசிரியர் பக்கம் வருவோம். எப்போதும் சாந்தமாகத் தெரிவதுதான் முதிர்ச்சி என்று எண்ணிக் கோபத்தை முகத்தில் காட்டாமல் விழுங்குகிறோம். அப்படி அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்முன் நடப்பதன் விவரங்கள் நினைவில் சரியாகத் தங்குவதில்லை என்று உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் போன்றவர்களின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. யார் முதலில் தள்ளியது என்று கட்டொழுங்கு ஆசிரியர் கேட்கும்போது நாம் விழிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "எனக்கு இப்போ கோபமா இருக்கு, ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பேசறேன்" என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

கடைசியாக, வருடக் கடைசியில் வகுப்பைக் கைமாற்றும் பேச்சு. "அவனைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, திமிர்." ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் வளர்ச்சியையே மாற்றக்கூடும் என்று 1968இல் ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் அப்போதிருந்தே சர்ச்சை உண்டு. சர்ச்சை இருக்கட்டும். அந்தப் பையனை ஆறாம் ஆண்டு ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது, பழைய குறிப்பை அடித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "எல்லார் முன்னாலும் கேட்டால் சிரிப்பான், பதில் வராது. தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் சொல்வான். வீட்டுப்பாடம் செய்யாத நாளில் பெரும்பாலும் இரவு அம்மாவோடு கடையில் இருந்திருப்பான்."