1099-கே படிவம் வந்திருக்கிறதா? வரித் தாக்கலில் பலர் செய்யும் தவறுகள்

ஜனவரி மாதக் கடைசியில் பேபால், வென்மோ, ஈபே, எட்ஸி போன்ற பணப் பரிமாற்ற, விற்பனைத் தளங்களிலிருந்து ‘உங்கள் வரிப் படிவம் தயார்’ என்று மின்னஞ்சல் வரும். திறந்து பார்த்தால் 1099-கே. அமெரிக்காவில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர், பரதநாட்டிய வகுப்பு எடுப்பவர், ஆன்லைனில் புடவை விற்பவர் எனப் பலருக்கும் அதிலுள்ள தொகையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். வருஷக் கடைசியில் கையில் நின்ற பணத்தைவிட அது பல மடங்குகூட இருக்கலாம்.

இந்தப் படிவம் சொல்வது ஒன்றைத்தான்: இந்த வருஷம் எங்கள் வழியாக உங்களுக்கு வந்த பணம் இவ்வளவு. அது எதற்காக வந்தது, அதை ஈட்ட எவ்வளவு செலவானது என்பதெல்லாம் அந்தத் தளத்துக்குத் தெரியாது, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான தவறுகள் இது புரியாமல் நடப்பவைதான்.

மொத்த வரவை வருமானமாக எழுதிவிடுவது

அதிகம் பேர் பணத்தை இழப்பது இங்கேதான். படிவத்தின் 1ஏ பெட்டியில் இருப்பது மொத்த வரவு. தளம் பிடித்துக்கொண்ட கட்டணம், வாடிக்கையாளருக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்த பணம், பார்சல் செலவுக்கென்று அவர்கள் சேர்த்துக் கட்டியது, எல்லாமே அதற்குள் இருக்கும். எதையும் கழித்துக் காட்ட மாட்டார்கள். தளம் அவற்றைக் கழிக்கக் கூடாது என்பதுதான் விதி.

ஓர் உதாரணம். ஒருவருடைய 1ஏ பெட்டியில் 26,000 டாலர் என்று இருக்கிறது. தளக் கட்டணம் 900, திருப்பிக் கொடுத்தது 1,100, பொருள் வாங்கிய செலவு 7,000. மிச்சம் 17,000. சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமான வரியோடு, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து 15.3 சதவீத சுயதொழில் வரியும் கட்ட வேண்டும். நிகர லாபத்தில் 92.35 சதவீதத்துக்கு அது கணக்கிடப்படும். 17,000 டாலருக்கு அது சுமார் 2,400. இதே ஆள் 26,000 டாலரை அப்படியே லாபமாக எழுதினால் சுமார் 3,670. சுயதொழில் வரியில் மட்டும் 1,270 டாலர் வீண், வருமான வரியில் போவது தனி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. செலவையெல்லாம் மனக்கணக்காகக் கழித்துவிட்டு 17,000 என்று மட்டும் மேலே எழுதுவது. படிவத்தின் நகல் ஐஆர்எஸ்ஸிடமும் இருக்கிறது. அவர்களுடைய கணினி 26,000 எங்கே என்று தேடும். ஆகவே சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தின் முதல் வரியில் மொத்த வரவை முழுசாக எழுதுங்கள். திருப்பிக் கொடுத்ததையும் கட்டணத்தையும் மற்ற செலவுகளையும் அந்தப் படிவத்தில் அவற்றுக்குரிய இடங்களில் கழியுங்கள். ரொக்கமாக வந்தது, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் ஸெல் வழியாக வந்தது இவையும் அந்த முதல் வரியில் சேர வேண்டும். ஸெல் 1099-கே அனுப்புவதில்லை, ஆனால் அதில் வந்த தொழில் வருமானம் வருமானம்தான்.

தொகை பொருந்தவில்லை என்றால் தேதியையும் பாருங்கள். டிசம்பர் 30 அன்று வாடிக்கையாளர் கட்டிய பணம் உங்கள் வங்கிக்கு ஜனவரி 3 அன்றுதான் வந்திருக்கும். படிவம் பரிவர்த்தனை நடந்த தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். வங்கிக் கணக்குத் தாளை மட்டும் வைத்துக் கூட்டினால் கணக்கு ஒருபோதும் சேராது. தளத்திலிருந்தே வருஷத்தின் முழுப் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கிக்கொள்வது நல்லது. 5ஏ முதல் 5எல் வரையுள்ள பெட்டிகளில் மாதவாரித் தொகை இருக்கும், எந்த மாதத்தில் இடிக்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

படிவம் வராவிட்டால் வரி இல்லை என்று நினைப்பது

எவ்வளவு பணம் வந்தால் படிவம் வரும் என்ற வரம்பைப் பற்றிய குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு 20,000 டாலருக்கு மேல், 200 பரிவர்த்தனைக்கும் மேல் என்ற இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் தளங்கள் படிவம் அனுப்ப வேண்டும் என்றிருந்தது. 2021-இல் வந்த சட்டம் அதை வெறும் 600 டாலராகக் குறைத்தது. ஐஆர்எஸ் அதை ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப்போட்டது, 2024-க்கு மட்டும் 5,000 என்று வைத்தது. கடைசியில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் பழைய 20,000, 200 என்ற வரம்பையே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ‘600 டாலர் தாண்டினால் போச்சு’ என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருப்பது பழைய கதை.

ஆனால் இதில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. கடையில் கார்டு மிஷின் வைத்து நேரடியாக கிரெடிட் கார்டில் பணம் வாங்குபவர்களுக்கு இந்தக் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. அப்புறம், மாநில விதிகள் வேறு. மேரிலாண்ட், வர்ஜீனியா, மாசசூசெட்ஸ், வெர்மான்ட் மாநிலங்களில் 600 டாலர், நியூஜெர்சியில் 1,000 டாலர் என வரம்பு குறைவு. பக்கத்து மாநில நண்பருக்கு வரவில்லை என்பதால் உங்களுக்கும் வராது என்று இருந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்த வரம்பு படிவம் அனுப்புவதற்கானது. வரிக்கான வரம்பு அல்ல. தொழிலில் நிகர லாபம் சுமார் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி கணக்கில் வந்துவிடும், படிவம் வந்தாலும் வராவிட்டாலும். எச்1பி ஊழியரின் துணைவருக்கான எச்4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் இப்படிச் சம்பாதிப்பவர்கள் சிலர், படிவம் வராத வரைக்கும் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த வருமானத்துக்கும் வரி உண்டு. வரி கட்டிவிட்டதால் அனுமதி விஷயம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. அதற்குக் குடியேற்ற வழக்கறிஞரைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டு வாடகையும் பழைய சோபாவும்

நண்பர்கள் நாலு பேர் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். நீங்கள் மொத்த வாடகையைக் கட்ட, மற்றவர்கள் வென்மோவில் தங்கள் பங்கை அனுப்புகிறார்கள். இது உங்கள் வருமானமே இல்லை. ஆனால் அனுப்பும்போது ‘பொருள், சேவைக்கான பணம்’ என்ற தேர்வை யாராவது ஒருவர் விவரம் தெரியாமல் அழுத்திவிட்டால், தளம் அதையும் வியாபார வரவாகத்தான் எண்ணும். பிறந்தநாள் பணம், சுற்றுலாச் செலவுப் பங்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முடிந்தால் தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியம் செய்தால் மார்ச் மாதத்துத் தலைவலியில் பாதி குறையும்.

அப்படித் தப்பாகச் சேர்ந்துவிட்டால் முதலில் படிவம் அனுப்பிய நிறுவனத்திடம் திருத்திய படிவம் கேளுங்கள். ஐஆர்எஸ்ஸால் அதைத் திருத்த முடியாது. பதில் வரவில்லை என்றால் தாக்கலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வரித் தாக்கலோடு இணைக்கும் ஷெட்யூல் 1 படிவத்தின் மேற்பகுதியில், தவறாகச் சேர்ந்த 1099-கே தொகையைக் காட்டுவதற்கென்றே இப்போது ஓர் இடம் இருக்கிறது.

வீடு மாறும்போது பழைய சாமான் விற்றவர்களுக்கும் அதே இடம்தான். 900 டாலருக்கு வாங்கிய சோபாவை 300-க்கு விற்றால் லாபம் இல்லை, வரியும் இல்லை. நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதே நேரம் 150 டாலர் டிக்கெட்டை 400-க்கு விற்றிருந்தால் 250 டாலர் லாபம், அது சொத்து, பொருள் விற்ற லாபத்தைக் காட்டும் 8949 படிவத்திலும் ஷெட்யூல் டி-யிலும் வர வேண்டும். சோபாவில் போன 600 டாலரை டிக்கெட் லாபத்தோடு நேர் செய்ய வழியில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு தனித்தனி.

ஒரே பணத்துக்கு இரண்டு படிவம்

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனம் உங்களுக்கு பேபால் வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அதற்கு, ஃப்ரீலான்ஸ் ஊதியத்தைக் காட்டும் 1099-என்இசி படிவம் அனுப்பத் தேவையில்லை. ஆனாலும் அவர்களுடைய கணக்காளர் பழக்கத்தில் அனுப்பிவிடுவார். பேபாலும் 1099-கே அனுப்பக்கூடும். இரண்டையும் மென்பொருளில் அப்படியே ஏற்றினால் 8,000 டாலர் 16,000 ஆகிவிடும். இன்வாய்ஸ்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, உண்மையில் வந்ததை ஒரு முறை மட்டும் எழுதுங்கள். என்இசி-யைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

தளம் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ தொழில் எண்ணையோ கேட்டு டபிள்யூ-9 நிரப்பச் சொன்னால், அது உண்மையான தளத்திலிருந்து வந்ததுதானா என்று உறுதி செய்துகொண்டு உடனே முடித்துவிடுங்கள். எண் இல்லாமலோ பெயரோடு பொருந்தாமலோ இருந்தால் வரவில் 24 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும் நிலை வரலாம். அப்படிப் பிடித்திருந்தால் அது 4-ஆம் பெட்டியில் இருக்கும். பலர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. அது ஏற்கெனவே நீங்கள் கட்டிய வரி, தாக்கலில் கேட்டு வாங்க வேண்டிய பணம்.

கடிதம் வந்தால்

எழுதியதும் படிவமும் பொருந்தாதபோது ஐஆர்எஸ் அனுப்புவது சிபி2000 என்ற கடிதம். பயந்துபோய் அதிலுள்ள தொகையை அப்படியே கட்டிவிடுகிறார்கள் பலர். சிலர் பிரிக்காமலே டிராயரில் போட்டுவிடுகிறார்கள். அது பில் அல்ல, எங்கள் கணக்குப்படி இவ்வளவு வருகிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கும் கடிதம். பெரும்பாலும் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கும், சரியான தேதி கடிதத்திலேயே போட்டிருக்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்ற கட்டத்தைக் குறித்து, எந்தத் தொகை ஏன் வருமானம் அல்ல என்று சுருக்கமாக எழுதி, பரிவர்த்தனைப் பட்டியலையும் ரசீதுகளையும் இணைத்து, கடிதத்திலுள்ள முகவரிக்கு அந்தத் தேதிக்குள் அனுப்புங்கள். ஆதாரம் தேட நேரம் போதாது என்றால், கெடு முடிவதற்கு முன்பே கடிதத்திலுள்ள எண்ணுக்குப் போன் செய்து கூடுதல் நாள் கேட்கலாம்.