கொழும்பு வீட்டு முற்றத்தில் வாடும் புற்றரையைச் சீராக்குவது எப்படி?

கொழும்பில் புற்றரை பட்டுப்போவதற்கு நீர்க்குறைவு காரணமாவது அரிது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நகரில், புல் பெரும்பாலும் வேர் அழுகியே சாகிறது. ஆகவே மஞ்சளித்த புல்லைக் கண்டதும் தண்ணீர்ப் பைப்பையோ உரப்பையையோ தேடாமல், அதன் கீழே என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் பதித்த புல் மழைக்காலந்தோறும் பட்டுப்போனதன் பின்னரே இந்த வழிமுறையைக் கண்டடைந்தேன். இன்று அந்த முற்றத்தில் புல் அடர்ந்து நிற்பதால், இதை நம்பிக்கையோடு பரிந்துரைக்கிறேன்.

முதற்படி: மண்ணைச் சோதித்தல்

முற்றத்தில் மிக மோசமாகத் தெரியும் இடத்தில் 30 சென்றிமீற்றர் ஆழமும் அகலமுமான குழி ஒன்றைத் தோண்டுங்கள். இதற்கு மண்வெட்டியைவிட அலவாங்கே சிறந்தது. குழியை நீரால் நிரப்பி, அது முழுவதும் வடிந்த பின் மீண்டும் நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவிடுங்கள். 2.5 சென்றிமீற்றருக்குக் குறைவாக இறங்கினால், அந்த நிலம் புல்லைத் தாங்காது.

குழியின் பக்கச்சுவரையும் கவனியுங்கள். எங்கள் முற்றத்தில் மேலே இரண்டு விரற்கடை அளவு செம்மண்ணும், அதற்குக் கீழே உடைந்த செங்கல், டைல் துண்டுகள், இறுகிய சீமெந்துக் கலவை ஆகியனவும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. வீடு கட்டி முடித்தவர்கள் கழிவை அங்கேயே பரப்பி மண்ணால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். புல் பதிக்க வந்தவர்களும் அதன் மேலேயே பதித்திருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாட்டின் ஈரவலய மண் இயல்பில் அமிலத்தன்மை உடையது என்பதால், புல் மஞ்சளித்தால், அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டொலமைட்டைத் தூவும்படி கடைகளில் சொல்வார்கள். சீமெந்துக் கழிவு கலந்த மண்ணோ ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமற்போவதாலேயே இலை மஞ்சளிக்கிறது. அதில் டொலமைட்டைச் சேர்த்தால் நிலைமை மேலும் மோசமாகும். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச் அளவைப் பார்க்காமல் டொலமைட்டைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: நீருக்கு வழி விடுதல்

முழு வேலையிலும் அதிக நேரமும் பொறுமையும் கேட்பது இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றவை எளிதாகும். வீட்டுச் சுவரிலிருந்து கானை நோக்கி, ஒவ்வொரு மீற்றருக்கும் 1 முதல் 2 சென்றிமீற்றர் வரை நிலம் சரிய வேண்டும். கண்மட்டத்தை நம்பக் கூடாது. மேசன்மார் பயன்படுத்தும், உள்ளே நீர் நிரப்பிய தெளிந்த குழாயின் ஒரு முனையைச் சுவரருகிலும் மறுமுனையைக் கானருகிலும் பிடித்து, இரண்டு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தைக் குச்சிகளில் குறித்து, அந்தக் குறிகளுக்கு இடையே நூல் கட்டுங்கள். நூலிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இடையிடையே அளந்தால், மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

சரிவு சரியாக இருந்தும் நீர் தேங்கினால், மதிலடியைப் பாருங்கள். கொழும்பின் நெருக்கமான காணிகளில் மதிலின் அத்திவாரமே அணையாகிவிடுகிறது. எங்கள் மதிலின் அடியில் நீர் வெளியேற விடப்பட்டிருந்த துளைகள், பின்னர் பூசப்பட்ட சீமெந்துப் பூச்சினால் முழுமையாக அடைபட்டிருந்தன. அவற்றைக் குடைந்து திறந்த அன்று, தேங்கிநின்ற நீர் கறுத்து, நாற்றத்தோடு கானுக்குள் வழிந்தது. அந்த நாற்றமே மண்ணுக்குள் காற்று இல்லாதிருந்ததற்குச் சான்று.

மூன்றாம் படி: மண்ணும் புல்லும்

குறைந்தது 15 சென்றிமீற்றர் ஆழத்துக்குக் கழிவை அகற்றி, இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு கூட்டெரு என்ற கலவையால் நிரப்புங்கள். உப்பு இருக்கும் என்பதால் கடல்மணல் கூடாது. தும்புத்தூளைப் பலரும் தாராளமாகக் கலக்கிறார்கள். மழை மிகுந்த இந்நகரில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நான் தவிர்க்கிறேன்.

மாமர நிழலில் அறுகு நிற்காது. அங்கே அகன்ற இலைப் புல்லையே பதிக்க வேண்டும். புல் கார்ப்பெட் வாங்கும்போது ஒவ்வொரு துண்டையும் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பிபோல் மெலிந்த வேரில் கோத்த சிறு கறுப்புக் கிழங்குகள் தெரிந்தால், அது கோரை. அந்தத் துண்டை ஏற்காதீர்கள். கோரை ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், மேலே பிடுங்கப் பிடுங்கக் கிழங்கிலிருந்து மீண்டும் முளைத்துக்கொண்டே இருக்கும்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குவதால், மண்வேலையைப் பெப்ரவரி வெயிலில் முடித்து, பிற்பகல் இடிமழை பெய்யும் ஏப்ரலில் புல்லைப் பதிப்பது நல்லது. பதித்த பின் மூன்று வாரங்களுக்கு அதன் மேல் நடக்க வேண்டாம்.

நான்காம் படி: வெட்டுதல்

இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. 4 அல்லது 5 சென்றிமீற்றர் உயரம் எஞ்ச வேண்டும். தோளில் தொங்கவிட்டு நைலோன் நூலால் வெட்டும் இயந்திரம் மண்வரை வழித்துவிடும்; சிறிய முற்றத்துக்குக் கையால் தள்ளும் உருளை வெட்டியே போதும். உரமாகச் சலித்த கூட்டெரு போதுமானது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு யூரியா கிடைக்காதிருந்த காலத்திலும் எங்கள் புல் கூட்டெருவிலேயே செழித்தது.

பிற்சேர்க்கை

இதை வாசித்துச் செய்துபார்த்தவர்களுள் சிலர், எல்லாம் சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் பாசி படர்வதாக எழுதியிருந்தார்கள். அத்தகைய இடங்களில் மேலே நிமிர்ந்து பாருங்கள். ஏசியிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரோ, இலை அடைத்த பீலியிலிருந்து வழியும் மழைநீரோ அங்கே விழுந்துகொண்டிருக்கும். ஏசி நீரைக் குழாய் பூட்டிக் கானுக்குத் திருப்புங்கள். வாளியில் பிடிப்பதாயின், டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிடுவதால், அதை நாள்தோறும் ஊற்றிவிட வேண்டும். சலவை இயந்திரத்தின் சவர்க்கார நீரையும் புல்லுக்கு விடாதீர்கள். பீலியை ஏப்ரல் முடிவதற்குள் துப்புரவு செய்து, அதன் நீர் விழும் இடத்தில் சல்லிக்கல் பரப்பிவிட்டால், அடைமழையிலும் அங்கே மண் அரிக்காது.